திட்டம் தீட்டும் கை எது?

திட்டமிடுதல் குற்றமா? இல்லை. மண்ணறியாத கை தொலைவிலிருந்து தீட்டுவதே குற்றம். கரிசற் காட்டின் நடுவே, பசுவந்தனையில் நின்று நோக்கும் நமக்கு இது தெள்ளெனத் தெரிகிறது.

1950 மார்ச்சுத் திங்களில் பிறந்தது இந்தியத் திட்டக் குழு. 1951 முதல் 2017 வரை பன்னிரண்டு ஐந்தாண்டுத் திட்டங்கள் நடந்தேறின. அவற்றால் பயனே இல்லை என்பார் கூற்றை நாம் ஏற்கமாட்டோம். பக்ரா-நங்கல் அணையும், பிலாய், ரூர்கேலா, துர்க்காப்பூர் எஃகாலைகளும், நம் நெய்வேலியும் பொதுப்பணத்தில் எழுந்தவை. பெருந்தொழில் வளர அரசின் முதலீடு தேவை என்பதை 1944இல் பம்பாய்த் திட்டம் வகுத்த முதலாளிகளே ஒப்பினர். 1951இல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்திருந்த துணைக்கண்டத்தில், 2011இல் எழுபத்து நால்வர் எழுத்தறிந்தனர். வளர்ச்சியைத் தற்செயலுக்கு விடாது குறிவைத்து நடத்தியதே திட்டத்தின் வலிமை.

ஆனால் வலிமை எங்கே குவிந்தது? நிதிக் குழுவுக்கு அரசமைப்பின் 280ஆம் பிரிவு உண்டு. திட்டக் குழுவுக்கோ அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றே பிறப்புச் சீட்டு! மாநிலங்களுக்குத் திட்ட உதவியைப் பங்கிடக் காட்கில் வாய்பாடு என்னும் அளவுகோல் வந்ததே 1969இல்தான். சேலம் எஃகாலைக்காக 1967இல் தமிழகம் எழுச்சி நாள் கொண்டாடியது. 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டது. உற்பத்தி தொடங்கியதோ 1981இல்!

நம் கரிசலின் கதை இதனினும் கசப்பானது. தொடக்கக் காலத் திட்டங்களின் கண் அணைகள் மேல் இருந்தது. மணிமுத்தாறு அணை எழுந்தது, மகிழ்ந்தோம். ஆயினும் ஐப்பசி மழையை நம்பும் பருத்திக்கும் கம்புக்கும் அந்நீர் எட்டவில்லை. கோவில்பட்டியில் 1901லேயே ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. ஆனால் மானாவாரி வேளாண்மைக்கென அனைத்திந்திய ஆராய்ச்சித் திட்டம் தோன்றியது 1970இல். அதற்குள் மூன்று ஐந்தாண்டுத் திட்டங்கள் முடிந்துவிட்டன!

திருத்தும் வழியைத் தமிழகமே காட்டிற்று. 1969இல் அமைந்த இராசமன்னார் குழு, 1971இல் அளித்த அறிக்கையில், திட்டக் குழுவை வல்லுநர் கொண்ட சட்டமுறை அமைப்பாக்கவும், மாநிலங்கள் தமக்கெனத் திட்ட வாரியம் காணவும் பரிந்துரைத்தது. அவ்வாண்டே தமிழக அரசு மாநிலத் திட்டக் குழுவை நிறுவிற்று.

2015 சனவரி முதல் நாள், திட்டக் குழு இருந்த இடத்தில் நிதி ஆயோக் அமர்ந்தது. அதற்கு அறிவுரை கூறும் உரிமை உண்டு. நிதி பங்கிடும் உரிமை இல்லை. ஆதிக்கம் அகன்றதா? இல்லை, இடம் மாறியது. மைய அமைச்சகங்கள் விதி வகுக்கும் திட்டங்களுக்கு மாநிலங்கள் இன்றும் தம் பங்குப் பணத்தைச் செலுத்துகின்றன. ஆகவே, பெயர் மாற்றம் சீர்திருத்தம் ஆகாது.

1992ஆம் ஆண்டின் 74ஆம் திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவுக்கு இடம் தந்துள்ளது. சிற்றூர், நகர் இரண்டின் திட்டங்களையும் ஒன்றிணைப்பது அதன் கடமை. ஏட்டிலுள்ள அக்குழுவுக்குப் பணமும் அதிகாரமும் தருக! எந்தக் கண்மாயைத் தூர்வார வேண்டும், எந்த விதை வறட்சி தாங்கும் என்பதைக் கரிசல் உழவன் அறிவான். அவன் சொல் மாவட்டத்தில் எழுதப்படட்டும், மாநிலத்தில் தொகுக்கப்படட்டும், தில்லி அதற்குத் துணை நிற்கட்டும். மேலிருந்து இறங்கும் ஆணை, கீழிருந்து எழும் திட்டமாகும் நாளே மக்களாட்சி முழுமை பெறும் நாள்!