வோபர்னில் ஒரு வாடகைக் கணக்கு

போன கிழமை குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த தம்பி கேட்டான்: "அண்ணை, நீங்கள் அப்பாட்மென்ற்றை விட்டால் எனக்கு எடுத்துத் தாங்கோவன்." சிரித்தேன். நான் விட்டால் அந்த வாடகையும் என்னோடே போய்விடும். பொருளியலை இரண்டாம் வருடத்தில் விட்டு வந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒன்ராறியோவில் 1975இல் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1998இல் அதை மாற்றினார்கள். ஸ்காபரோவை ரொறன்ரோவோடு சேர்த்ததும் அதே வருடம்தான். சனம் அதைப் பற்றித்தான் கூடக் கதைத்தது. அதுவரை கட்டுப்பாடு வீட்டோடு ஒட்டியிருந்தது. பிறகு ஆளோடு ஒட்டிக்கொண்டது. இருக்கிறவருக்கு வருடாவருடம் கொஞ்சம்தான் கூட்டலாம், வெளிக்கிட்டால் அடுத்தவருக்கு எவ்வளவும் கேட்கலாம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதல் குடியேறிய கட்டடமென்றால் இருக்கிறவருக்கும் உச்சவரம்பில்லை.

எங்கடை சனம் 80களில் சென் ஜேம்ஸ் ரவுணில் குவிந்தது. பழைய வீடுகளை இடித்து, 60களில் நல்ல சம்பளக்காரருக்கென்று எழுப்பிய மாடிகள் அவை. அவர்கள் கழன்ற பிறகுதான் எங்களுக்குக் கிடைத்தன. பிறகு பிள்ளைகுட்டியோடு மலிவு தேடி ஸ்காபரோவுக்கு வந்தோம். நகரின் நடுப்பகுதி பணக்காரர் கைக்கும், வறுமை ஸ்காபரோ போன்ற ஓரங்களுக்கும் போனதை 2010இல் பேராசிரியர் டேவிட் ஹல்சான்ஸ்கி வரைபடமாகவே போட்டுக் காட்டினார். எங்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை, பஸ் எடுக்கிற நேரமே போதும்.

இப்போது ஓரமும் விலையேறுகிறது. 2023 யூலையில் ஆர்ரி ரயில் தடம்புரண்டு அதோடு நின்றே போனது. அதற்கு முன்பே ஸ்காபரோ சென்ரர் வழியாகச் சுரங்கப் பாதை தோண்டத் தொடங்கிவிட்டார்கள். ரயில் வருமுன்னே கொண்டோ வந்துவிடும்.

மாடியை இடித்தால் எனக்கு ஒரு பிடி உண்டு. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ள கட்டடத்தை இடிப்பவர் அவற்றுக்குப் பதில் வீடு கட்டித் தரவேண்டுமென்று 2007இலிருந்து நகரசபைச் சட்டம் இருக்கிறது. ஆனால் எங்கடை ஆக்களில் எத்தனை பேர் பேஸ்மென்ற்றில்? ஒரு பங்களாவில் ஆறு வீடு எங்கே இருக்கு? சட்டம் மாடியை எண்ணுகிறது, நிலவறையை எண்ணுவதில்லை.

தம்பி இருக்கிற பங்களா விலைப்பட்டுவிட்டது. வாங்கினவர் இடித்துப் பெரிசாகக் கட்டப்போகிறாராம். அவன் ஓசவாப் பக்கம் அறை பார்க்கிறான். நாங்கள் கடை பூட்டுவது இரவு பதினொன்றரைக்கு. அதுக்குப் பிறகு அங்கே போக பஸ் இருக்கோ என்று நேற்றுக் கேட்டான்.