நான்கு கோடுகளும் ஒரு பள்ளி ஆசிரியரும்

நூல்கள் ஒரு பொருளை உரைக்கும் முறை வேறு. அப்பொருள் மாந்தரின் அறிவுக்கு எட்டிய முறை வேறு. முடிந்த முடிபை முதலில் வைத்து, அதற்குரிய சான்றுகளைப் பின்னர் அடுக்குவது நூலின் முறை. சான்றுகளைக் கண்டு திகைத்து, பல காலம் தடுமாறி, கடைசியில் முடிபைச் சென்று சேர்வது வரலாற்றின் முறை. ஆசிரியராகிய நாம் பெரும்பாலும் நூலின் முறையையே வகுப்பறைக்குள் கொண்டு செல்கிறோம். அதனால் மாணவன் விடையைப் பெறுகிறான், வினாவை இழந்துவிடுகிறான்.

ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரான் மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு இறங்கும்போது வெளிப்படும் ஒளியின் அலைநீளம் என்ன என்பது மேல்வகுப்பு மாணவர் போடும் கணக்கு. வாய்பாடு கையில் இருக்கிறது. எண்களை இட்டால் விடை வந்துவிடுகிறது. ஆயினும் அவ்வாய்பாடு அணுவைப் பற்றிய ஆராய்ச்சியில் பிறந்ததன்று. எலெக்ட்ரான் என்றொன்று உண்டென்று உலகம் அறியுமுன்னரே, ஒரு பெண்கள் பள்ளியின் கணக்காசிரியர் அதனைக் கண்டுவிட்டார். இன்று பாடநூலில் அவர் பெயர் ஒரு தொடரின் பெயராக மட்டுமே நிற்கிறது. அவரை அவருக்குரிய இடத்தில் வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோடுகள் தோன்றிய வரலாறு

கதிரவன் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தினால் அது சிவப்பு முதல் ஊதா வரை நிறமாலையாக விரியும். 1814ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரான்ஹோபர் என்பார் அந்நிறமாலையின் ஊடே நூற்றுக்கணக்கான கருங்கோடுகள் இருப்பதைக் கண்டார். முதன்மையானவற்றுக்கு எழுத்துகளையே பெயராக இட்டார். 1859ஆம் ஆண்டை ஒட்டிக் கிர்க்காஃப், புன்சன் என்னும் அறிஞர் இருவரும் அக்கோடுகளின் பொருளை விளக்கினர். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. ஒருவர் கைரேகை மற்றொருவருக்கு அமையாதது போல, ஒரு தனிமத்தின் கோடுகள் மற்றொன்றுக்கு அமையா. இவ்வழியில், சிவப்பில் உள்ள ‘சி’ கோடும் நீலத்தில் உள்ள ‘எஃப்’ கோடும் ஹைட்ரஜனுக்கு உரியவை என்று அறியப்பட்டது.

இக்கோடுகளின் வரலாற்றில் 1868ஆம் ஆண்டு சிறப்பிடம் பெறுகிறது. அவ்வாண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் முழுக் கதிரவ மறைப்பு ஒன்று நிகழ்ந்தது. நிலவின் நிழல் இந்தியாவின் குறுக்கே ஓடி, வங்கக் கடலைக் கடந்து, மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதி மீதும் போர்னியோத் தீவின் மீதும் சென்றது. குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவர் போக்சனும், வனபர்த்தியில் அந்நிலையத்து உதவியாளரான ரகுநாதாச்சாரியும் கருவிகளோடு காத்திருந்தனர்.

சயாம் மன்னர் மோங்குட், இம்மறைப்பு நிகழும் இடத்தையும் நேரத்தையும் தாமே முன்கூட்டிக் கணித்தவர். தீபகற்பத்தின் கரையில் வாக்கோ என்னுமிடத்தில் பாசறை அமைத்து அயல்நாட்டாரையும் அழைத்தார். அவ்வழைப்பை ஏற்று வந்தவருள், அந்நாளில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றை ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஆர்டும் ஒருவர். மன்னரின் கணிப்பு பொய்க்கவில்லை. ஆனால் அச்சதுப்புநிலத்தில் மலேரியாக் காய்ச்சல் கண்டு, அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் அவர் உயிர்நீத்தார். இன்று மலேசியாவைச் சேர்ந்த சரவாக்கின் பாராம் முனையில், லாபுவான் ஆளுநர் போப் ஹென்னசி அம்மறைப்பைக் கண்டு குறிப்பெழுதினார். நம் நாட்டையும் அந்நிழல் தொட்டுச் சென்றது என்பதை நம் மாணவருக்கு நாம் சொல்வதுண்டா?

குண்டூரில் ஜான்சன் கண்டது யாது? நிலவு கதிரவனை முற்றும் மறைத்தபோது, அதன் விளிம்பில் செந்நிறத் தீக்கொழுந்துகள் போன்றவை எழுந்து நின்றன. அவற்றின் ஒளியை நிறமாலைக் கருவியில் நோக்கினார். ‘சி’, ‘எஃப்’ கோடுகள் கருமையாக அன்றி, ஒளிவிடும் கோடுகளாகவே அங்கு நின்றன. அக்கொழுந்துகள் எரிசூடுற்ற ஹைட்ரஜன் என்பது இதனால் விளங்கிற்று. மறைப்பு நீங்கிய மறுநாளும் அவற்றைக் காணலாம் என்று அவர் மெய்ப்பித்தார்.

அதே 1868ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டு உப்சாலாவில் ஆங்ஸ்ட்ராம் என்னும் அறிஞர் கதிரவ நிறமாலையின் கோடுகளை அளந்து நூலாக வெளியிட்டார். ஒரு மில்லிமீட்டரைக் கோடிக் கூறு செய்தால் கிடைக்கும் ஒரு கூறே அவர் பெயரால் இன்று வழங்கும் அளவு. அவ்வளவில் ஹைட்ரஜனின் நான்கு கோடுகள் இவை: 6562.10, 4860.74, 4340.10, 4101.20.

கோடுகள் கண்ணுக்குத் தெரிந்தன; அளவும் கிடைத்தது. ஆனால் இந்நான்கு எண்களுக்கும் தம்முள் என்ன உறவு? அறிஞர் பலர் முயன்றனர். இசையின் சுரங்களைப் போல இவை அமைந்திருக்குமோ என்று தேடியோரும் உண்டு. தேடியது கிடைக்கவில்லை.

பேசல் நகரத்து ஆசிரியர்

யோகான் யாக்கோபு பால்மர் 1825ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். கணக்கில் முனைவர் பட்டம் பெற்றவர். பேசல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக வடிவியல் கற்பித்ததும் உண்டு. எனினும் அவர் வாழ்க்கைத் தொழில் அந்நகரத்துப் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி. 1859 முதல் 1898இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார். அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. ஒளியை அளக்கும் கருவியும் இல்லை. எண்களின் ஒழுங்கில் நீங்காத விருப்பம் ஒன்றே இருந்தது.

அவர் ஆங்ஸ்ட்ராமின் நான்கு எண்களையும் எடுத்துக்கொண்டார். நான்குக்கும் பொதுவாக 3645.6 என்னும் எண் ஒன்றைக் கண்டார். அதனை 9/5ஆல் பெருக்கினால் முதற்கோடு, 4/3ஆல் பெருக்கினால் இரண்டாவது, 25/21ஆல் மூன்றாவது, 9/8ஆல் நான்காவது. பெருக்கிக் காணின் 6562.08, 4860.80, 4340.0, 4101.3 என வரும். அளந்த எண்ணுக்கும் கணித்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு, மிகுதியாகப் பார்த்தாலும் ஓர் ஆங்ஸ்ட்ராமில் பத்தில் ஒரு பங்கே.

இப்பின்னங்களை மட்டும், யான் பணிசெய்யும் ஜெஞ்சாரோம் வட்டாரத்துத் தோட்டப்பள்ளியில், ஒருநாள் ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஆசிரியரின் பெயர் பால்மர் என்றதும் வகுப்பு சிரித்தது. “பால்மரமா, ஐயா?” என்றான் ஒருவன். சுற்றிலும் இன்று செம்பனையே நிற்கிறது. ஆனாலும் பால்மரம் வெட்டிய பாட்டன்மாரின் பேச்சு அவர்கள் செவியில் இருக்கிறது. சிரிப்பு அடங்கியபின், “இரண்டாம் பின்னத்தையும் நான்காம் பின்னத்தையும் மேலும் கீழும் நான்கால் பெருக்குங்கள்” என்றேன். வரிசை 9/5, 16/12, 25/21, 36/32 என்றாயிற்று. மேலே உள்ளவை மூன்று, நான்கு, ஐந்து, ஆறு ஆகியவற்றின் வர்க்கங்கள் என்று சிலர் உடனே கூறினர். கீழே உள்ளவை ஒவ்வொன்றும் மேலுள்ளதைவிட நான்கு குறைவு என்று பின்வரிசைச் சிறுமி ஒருத்தி கண்டாள். பால்மர் கண்டதும் இதுவே. அந்நான்கு என்பது இரண்டின் வர்க்கம்.

இம்முறைப்படி அடுத்த கோடு, ஏழின் வர்க்கத்தைக்கொண்டு, 49/45 என்னும் பின்னத்தால் வரவேண்டும். பால்மர் அதனை 3969.65 எனக் கணித்தார். அப்படியொரு கோடு உண்டென்றும், விண்மீன்களின் ஒளியில் அதற்கப்பாலும் பல கோடுகள் அளக்கப்பட்டுள்ளன என்றும் அவருடைய நண்பரான பேராசிரியர் ஹாகன்பாக் தெரிவித்தார். அவையும் வாய்பாட்டுக்குள் அடங்கின. 1885ஆம் ஆண்டில் கட்டுரை அச்சில் வந்தபோது பால்மருக்கு அகவை அறுபது.

“ஐயா, அந்த எண்ணுங்க ஏன் அப்படி வருது?” என்று அச்சிறுமி கேட்டாள். அவ்வகுப்பில் சொல்லத்தக்க விடை என்னிடம் இல்லை. பால்மரிடமும் இருந்ததில்லை.

வினாவுக்கு விடை

அவ்விடை வர இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றன. பால்மரின் கட்டுரை வெளிவந்த அதே 1885இல் டென்மார்க்கில் பிறந்தவர் நீல்ஸ் போர். அதற்குப் பின்னரே, 1897இல் எலெக்ட்ரானும் 1911இல் அணுக்கருவும் அறியப்பட்டன. 1913ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நண்பர் ஒருவர் நினைவூட்டப் பால்மரின் வாய்பாடு போரின் கவனத்துக்கு வந்தது. அணுவின் அமைப்பைப் பற்றி அவர் எண்ணிக்கொண்டிருந்ததற்கு அது திறவுகோலாயிற்று.

போரின் கருத்து இது: எலெக்ட்ரான் அணுவுள் எவ்விடத்தும் நிற்க இயலாது, படிக்கட்டில் ஏறுவோன் இரு படிகளுக்கு நடுவே நிற்க இயலாதவாறு போல, குறித்த சில நிலைகளிலேயே நிற்கும். முதற்படியிலிருந்து அதனை அணுவைவிட்டு வெளியேற்ற 13.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். பிற படிகளுக்கு அதனைப் படியெண்ணின் வர்க்கத்தால் வகுத்துக்கொள்க. இரண்டாம் படிக்கு 3.40, மூன்றாம் படிக்கு 1.51, நான்காம் படிக்கு 0.85. எலெக்ட்ரான் மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது, இரண்டுக்கும் இடையேயுள்ள ஆற்றல் ஒளியாக வெளிப்படும். 12,400 என்னும் எண்ணை அவ்வாற்றலால் வகுத்தால் அலைநீளம் ஆங்ஸ்ட்ராமில் கிடைக்கும்.

மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கின், 3.40இல் 1.51 போக எஞ்சுவது 1.89. வகுத்தால் ஏறத்தாழ 6560. குண்டூரில் ஒளிர்ந்த சிவப்புக் கோடு இதுவே. நான்காம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு எஞ்சுவது 2.55. வகுத்தால் ஏறத்தாழ 4860, அது நீலக்கோடு. மாணவர் இங்கு இரண்டு இடங்களில் தவறுவர். ஒரு படியின் ஆற்றலையே எடுத்து வகுத்துவிடுவர். வேண்டுவது இரு படிகளின் வேறுபாடு. இறக்கம் பெரிதானால் அலைநீளமும் பெரிதாகும் என்று எண்ணுவர். உண்மையில் அது குறையும்.

இனி, பால்மரின் 3645.6 எங்கிருந்து வந்தது? 12,400ஐ இரண்டாம் படியின் 3.40ஆல் வகுத்துப் பாருங்கள், 3647 வருகிறது. எங்கோ வெளியே நின்ற எலெக்ட்ரான் இரண்டாம் படிக்கு வந்து சேரும்போது வெளிப்படும் ஒளியின் அலைநீளம் அது. எஞ்சிய சிறு வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு: கோடுகளை அளந்தது வெற்றிடத்தில் அன்று, காற்றினூடே, ஆங்ஸ்ட்ராம் கைக்கொண்ட மீட்டர் அளவிலும் ஒரு சிறு பிழை இருந்தது. இவ்விரண்டையும் திருத்தினால் இரண்டெண்ணும் ஒன்றாகும். கருவியில்லாத ஆசிரியர் தாளில் கண்ட எண், அணுவின் உள்ளிருந்த எண்ணே. நான்கைக் கழித்ததன் காரணமும் இதனால் தெளிவாகும்: அக்கோடுகள் அனைத்தும் இரண்டாம் படியில் வந்து இறங்குபவை.

இக்கோடுகளின் பயன் அணுவோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் படியில் எலெக்ட்ரான் இருத்தற்கே முதற்படியிலிருந்து 10.2 எலெக்ட்ரான் வோல்ட் ஏறவேண்டும். வெப்பம் போதாத விண்மீனில் அவ்வாறு ஏறியிருப்பவை மிகச் சில. வெப்பம் மிக்க விண்மீனிலோ எலெக்ட்ரான் அணுவைவிட்டே அகன்றுவிடும். இவ்வுறவை 1920ஆம் ஆண்டில் கணக்கிட்டு வகுத்தவர் வங்கத்து மேக்நாத் சாகா. அக்கணக்கைத் துணைக்கொண்டு, விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனே என்ற முடிவை 1925இல் எட்டியவர் செசிலியா பெயின் என்னும் அம்மையார். தமிழகத்துக் கோடைக்கானல் வானாய்வு நிலையத்தில், 1912 முதல் பல பத்தாண்டுகள், அச்சிவப்புக் கோட்டின் ஒளியை மட்டும் பிரித்தெடுத்துக் கதிரவனைப் படம்பிடித்து வந்தனர். அப்படங்கள் இன்றும் ஆய்வாளருக்குக் கருவூலம்.

ஆசிரியருக்கு ஒரு சொல்

கண்டவர் ஒருவர், அளந்தவர் ஒருவர், ஒழுங்கை உணர்ந்தவர் ஒருவர், காரணத்தை விளக்கியவர் ஒருவர். நம் பாடநூல் நான்காமவரிடமிருந்து தொடங்குகிறது. அதனால் முன்னிருந்த மூவரின் உழைப்பும் மாணவன் கண்ணுக்குத் தெரியாமற்போகிறது. அறிவியல் என்பது எங்கோ உள்ள பெரியோர் இயற்றித் தந்த வாய்பாடு என்றும், அதில் தனக்கு வேலையில்லை என்றும் அவன் எண்ணிவிடுகிறான். தோட்டப்பள்ளிப் பிள்ளைக்கு அவ்வெண்ணம் இன்னும் எளிதில் வந்துவிடும். அதுவே என் கவலை.

பால்மரை மிகைப்படுத்தவும் வேண்டுவதில்லை. ஒழுங்கைக் காண்பது வேறு, காரணத்தை அறிவது வேறு. அவர் கண்டது முன்னது. ஆனால் அவர் கண்டிராவிடில் போருக்கு அத்திறவுகோல் கிடைத்திராது. ஆகவே ஆசிரிய நண்பர்களே, இப்பாடத்தை நடத்தும் நாளில் வாய்பாட்டை முதலில் எழுதாதீர்கள். நான்கு எண்களை எழுதுங்கள், பின்னங்களைக் கொடுங்கள், வர்க்கங்களை அவர்களே காணட்டும். ‘ஏன்?’ என்று ஒரு பிள்ளை கேட்கும்வரை காத்திருங்கள். போரின் பெயரை அதன்பின் சொல்லலாம்.

என்னிடம் கேட்ட அச்சிறுமிக்கு, “மேல்வகுப்புக்குப் போனால் விடை கிடைக்கும், அதுவரை கேள்வியை மறந்துவிடாதே, அம்மா” என்றேன். அவள் அந்நான்கு பின்னங்களையும் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.