மூத்தோர்க்கு உகந்த நகரம் (வளைகுடா)

முதியவர் பிறர் துணையின்றி வெளியே போய்வர ஏற்றபடி தெரு, வீடு, போக்குவரத்து, மருத்துவம் அமைந்த நகரம். உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் இதற்கான வழிகாட்டியை வெளியிட்டு, 2010இல் உலக வலையமைப்பைத் தொடங்கியது. அதில் சேர்ந்த முதல் அரபு நகரம் ஐக்கிய அரபு அமீரகத்தின் சார்ஜா. வளைகுடாவில் முதல் எதிரி வெயில். வெப்பம் 45 பாகை செல்சியஸை எட்டும் கோடையில், நிழலில்லாத நூறு மீட்டர் நடைகூட எழுபது வயதுக்காரரை வீட்டுக்குள் முடக்கிவிடும். துபாயின் குளிரூட்டிய பேருந்து நிறுத்தங்களும், மெட்ரோவுக்கு இட்டுச்செல்லும் நகரும் நடைபாதைகளும் ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை. அமீரகத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் 60 வயது கடந்த சொந்தக் குடிமக்களின் உரிமைகளைக் காக்கிறது. அங்கே கட்டடம் எழுப்பிய தமிழ்த் தொழிலாளி அதில் வரமாட்டார். 55 வயதானோருக்கான ஐந்தாண்டு ஓய்வு விசாவுக்குச் சொத்தோ பெரிய சேமிப்போ நல்ல மாத வருமானமோ காட்டவேண்டும். அந்தத் தொழிலாளிக்கு அது எட்டாது.