பேக்கரின் பண்ணை

நுவரெலியாவில் லீக்ஸ் பாத்திகளைக் காணும்போதெல்லாம் எனக்குச் சாமுவேல் பேக்கரின் ஞாபகம் வரும். காய்ச்சலில் மெலிந்து வந்து, இக்குளிர்காற்றில் தேறிய ஆங்கிலேயர் அவர். ஆறாயிரம் அடி உயரத்தில் இங்கிலாந்துக் கிராமமொன்றையே நிறுவிவிட எண்ணி, 1848இல் உழவர், கொல்லர், பசு, செம்மறி, வேட்டைநாய், விதை, கலப்பை எல்லாவற்றையும் கப்பலேற்றினார்.

பசு மலையேறும் வழியிலேயே மாண்டது. குதிரைவண்டி பள்ளத்தில் உருண்டது. ஓட்ஸை மரைகள் மேய்ந்தன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. எருவிட்ட பின்னரே மண் இணங்கியது.

பலர் இதை வேடிக்கைக் கதையாகவே சொல்வர். எனக்கோ வேறொன்று உறுத்துகிறது. வண்டியைக் கவிழ்த்த குடிகாரக் குதிரைக்காரனுக்கும் பேக்கரின் நூலில் ஒரு பெயருண்டு, பெர்கின்ஸ் என்று. அந்தப் பண்ணைக்காகக் காடு வெட்டிய கூலியாட்களுக்குப் பெயரில்லை. தன்னிறைவாம்!

1855இல் பேக்கர் கப்பலேறிவிட்டார். மன்னார் வழியே காட்டினூடு நடந்துவந்த நம் மூதாதையரில் பலர் இம்மலையிலேயே தங்கினர். அவர்களின் வழிவந்தோர் விளைவிக்கும் கோவாவும் லீக்ஸும் இன்றும் கொழும்புக்கு லொறியில் இறங்குகின்றன.