முட்டுக்கட்டை

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியில் தேர் வரும்போது எல்லாரும் அண்ணாந்து கலசத்தைப் பார்ப்பார்கள். என் கண் மட்டும் சக்கரத்தடிக்குப் போய்விடும். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர். முட்டுக்கட்டை போடச் சிலர்தான். தேர் நிற்பதும் திரும்புவதும் அந்தச் சிலர் கையில்.

இந்தப் பார்வை வந்ததற்குக் காரணம் என் பெரியப்பா மகன். மரவாடியில் வேலை பார்த்தவர். ஒருநாள் துணைக்கு ஆள் வரும்வரை பொறுக்காமல், சரிவின் கீழ்ப்பக்கம் நின்று ஒரு புளியமரத் துண்டைக் கடப்பாரையால் நெம்பினார். அண்டை கொடுத்திருந்த கட்டை நழுவிவிட்டது. உயிர் பிழைத்தார், கால் தேறவில்லை. "தம்பி, மரத்தை நகர்த்தறது பெரிசில்லடா, நிறுத்தத் தெரியணும்" என்பார்.

அவர் சொன்னதை நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோதே வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன். பிரான்சின் வோஜ் மலைகளில் வெட்டிய மரத்தை அந்தக் காலத்தில் 'ஷ்லித்' என்னும் சறுக்கு வண்டியில் இறக்குவார்கள். ஏணியைப் படுக்கப் போட்டதுபோல மரத்தால் பாதை. வண்டிக்கு முன்னால் ஒரே ஆள், பாரத்துக்கு முதுகைக் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் குதிகாலை ஊன்றி இறங்குவான். கால் வழுக்கினால் பாரம் அவன் மேல்தான். இறந்தவர்கள் நினைவாக அந்தக் காடுகளில் சிலுவைகள் நிற்கின்றன.

நம் ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்ற பெயரே இந்த வேலையால் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து அடிவாரத்துக்குச் சறுக்கி விட்டார்கள். பம்பாய்த் துறையில் கப்பல் கட்ட அந்தத் தேக்கு போனது. சறுக்கி விட்ட மரத்தை நடுவில் யாரும் நிறுத்த முடியாது. வழியில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் காவல்.

நிதானமாக நகர்த்த வேண்டிய இடத்தில் யானைதான். மரத்தில் சங்கிலி கட்டி இழுக்கும், அடுக்கும். இறக்கத்தில் பின்னால் வரும் மரம் அதன் காலிலேயே இடிக்கக்கூடும். அதனால் வேகத்தைப் பார்த்துக்கொள்வது பாகன் வேலை. கோழிகமுத்தி முகாமில் மலசர் இனத்தவர் பலர் பாகர்களாக இருந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு வனத்துறை யானைகளுக்குப் பதிவேடு உண்டு, 58 வயதில் ஓய்வு கொடுத்ததும் உண்டு. நானும் 58இல்தான் ஓய்வு பெற்றேன். நான் இழுத்தது கோப்புகளை மட்டுமே.

போன மாதம் எங்கள் கொல்லையில் வேப்பமரம் சாய்ந்தது. அறுத்த துண்டை உருட்டப் பேரன் ஓடி வந்தான். "முதலில் இரண்டு பக்கமும் கல்லைக் கொடு. மேட்டுப் பக்கம் நில். பக்கத்து வீட்டு அண்ணன் வரட்டும்" என்றேன். "இவ்வளவு சின்ன மரத்துக்கா தாத்தா?" என்றான்.

பெரியப்பா மகன் நெம்பியதும் பெரிய மரம் இல்லை.