டெட்லைன்

டெட்லைன்: ஒரு வேலையை முடித்தாக வேண்டிய கடைசி நாள் அல்லது நேரம். தமிழில் கெடு, காலக்கெடு, கடைசித் தேதி. பேச்சு வழக்கில், குறிப்பாகப் பத்திரிகை அலுவலகங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும், ஆங்கிலச் சொல்லே புழங்குகிறது.

இந்தச் சொல் முதலில் காலத்தைக் குறிக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) போர்க்கைதிகளின் முகாம்களில், தாண்டினால் சுடப்படும் எல்லைக்கோட்டுக்கு இப்பெயர் வழங்கியது. வடக்குத் தரப்பின் முகாம்கள் சிலவற்றிலும் அத்தகைய கோடு உண்டு. ஆனால் சொல்லைப் பரப்பியது ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில். தெற்குக் கூட்டமைப்பு 1864 பிப்ரவரியில் திறந்த இம்முகாமைச் சுற்றிப் பைன் மரத்தடிகளை நெருக்கி நட்ட உயர்ந்த வேலி இருந்தது. அதற்கு உட்புறம் ஏறத்தாழ 20 அடி தள்ளி, சிறு முளைகளின் மேல் பலகைகளை அறைந்து கோடு வகுத்தார்கள். பலகை இல்லாத இடங்களில் கோடு எங்கே ஓடுகிறது என்பதைக் கைதியே ஊகித்துக்கொள்ள வேண்டும். முகாமுக்குள் ஓடிய ஓடையில், வேலியை ஒட்டிய பகுதியில்தான் தண்ணீர் சற்றுத் தெளிவாக இருந்தது. அங்கே கோட்டுக்கு அப்பால் கை நீட்டியவர்கள் சுடப்பட்டதை உயிர் பிழைத்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள். வயிற்றுப்போக்கு, சீதபேதி, ஸ்கர்வி ஆகியவற்றுக்கே பெரும்பாலோர் பலியானார்கள். துப்பாக்கிக்கு இரையானவர்கள் அவர்களோடு ஒப்பிடச் சிலரே. ஆயினும் தண்ணீருக்காகக் கை நீட்டியவனைச் சுட அனுமதித்த விதியை எந்தப் போர் நியாயமும் காக்க முடியாது. சிறைத் தளபதி ஹென்றி விர்ஸ் மீதான குற்றப்பத்திரிகையிலும் இக்கோடு இடம்பெற்றது. 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

போருக்குப் பின் சொல்லின் கடுமை தணிந்தது. 1880இல் நியூயார்க் காவல் அதிகாரி தாமஸ் பைர்ன்ஸ், ஃபுல்டன் தெருவுக்குத் தெற்கே, வங்கிகள் நிறைந்த பகுதியில் பழைய குற்றவாளிகள் தென்பட்டாலே கைது என்று எல்லை வகுத்தார். அதற்கும் இதுவே பெயர். அச்சகத்திலோ, அச்சு இயந்திரப் படுகையில் எழுத்து பதியும் பரப்பின் எல்லையைக் காட்டும் கோடு டெட்லைன் ஆனது. நாளிதழ்களில் செய்தியை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம் என்ற பொருள் 1920 வாக்கில் நிலைபெற்றது. அச்சுக்கோடே இதற்கு வழிவிட்டது என்ற கருத்து உண்டு. சிறைக்கோட்டிலிருந்து நேரடியாக வந்தது என்பதற்குச் சான்று இல்லை.

கணினியியலில் இன்று இது துல்லியமான கலைச்சொல். விபத்தில் காரின் காற்றுப்பையை விரிக்கும் கருவி போன்றவற்றுக்கு மில்லி நொடிகளில் கெடு விதிக்கப்படுகிறது. அத்தகைய அமைப்பில் சரியான விடையும் கெடு கடந்து வந்தால் பிழையாகவே கொள்ளப்படும்.