கடைசி மேட்ச்

பழவேற்காடு போயிருக்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர். பொன்னேரி வழியாகப் போக வேண்டும். 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக் குடியேறிய ஊர். கோட்டை இருந்த இடத்தில் இன்றைக்குப் புதர்தான் மிச்சம். சென்னைவாசிகள் ஞாயிற்றுக்கிழமை போய், டச்சுக் கல்லறையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, இறால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஏரியைத் தாண்டிக் கடல் பக்கம் போனால்தான் லைட்ஹவுஸ் குப்பம் வரும். அங்கே பெரும்பாலும் யாரும் போவதில்லை.

நான் போனதற்குக் காரணம் உண்டு. என்னோடு பி.காம். படித்த ஒருவன் அந்தப் பக்கத்துக்காரன். எங்கள் கல்லூரி வாலிபால் டீமின் நட்சத்திரம். தொண்ணூறுகளின் கடைசி அது. டீமில் பாதிப் பேர் பி.காம்.தான். ஏன் என்கிறீர்களா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வருகிறவனுக்கு லேப் இல்லாத கோர்ஸாகப் பார்த்துக் கொடுப்பார்கள். சாயங்காலம் பிராக்டிஸ் போக வசதி! வணிகவியலுக்கும் வாலிபாலுக்கும் வேறெந்த ஜென்ம பந்தமும் கிடையாது.

சின்ன வயதிலிருந்து வலைக்கயிறு இழுத்த கை. அவன் எகிறி அடித்தால் எதிர்டீம் ஆட்கள் பந்தை எடுக்கப் போக மாட்டார்கள், ஒதுங்கத்தான் பார்ப்பார்கள். நாங்கள் ஒரு நாற்பது பேர் அவனுடைய ரசிகர்கள். மூன்றாம் வருடம் கடைசி மேட்ச் முடிந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு கேன்டீன் வரைக்கும் போனோம். ஆளுக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் போட்டு ஒரு ஷூ வாங்கிக் கொடுத்தோம். மூன்று வருடமும் தையல் விட்ட கேன்வாஸ் ஷூவோடுதான் ஆடினான், பாவம். கடைசி மேட்ச் முடிந்த பிறகு எதற்கடா ஷூ என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை!

ஆடி முடித்தவர்களை ரசிகர்கள் எப்படி வழியனுப்புகிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது கடைசியில் வாலிபாலின் சரித்திரத்தில் கொண்டுபோய் விட்டது.

1895. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் என்ற ஊர். அங்கே இருந்த ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சிப் பொறுப்பாளர் வில்லியம் மார்கன். அவரிடம் வந்தவர்களில் பலர் நடுவயது வியாபாரிகள். நாலு வருடத்துக்கு முன் பிறந்திருந்த பாஸ்கெட்பால் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. ஓடவேண்டும், முட்டிமோத வேண்டும், மூச்சு வாங்கும். மார்கன் யோசித்தார். டென்னிஸ் நெட்டை ஆறரை அடிக்கு உயர்த்திக் கட்டினார். இரண்டு பக்கமும் ஆட்கள். பந்து கீழே விழக்கூடாது, அவ்வளவுதான். ‘மின்டோனெட்’ என்று பெயர் வைத்தார். நல்லவேளை, அடுத்த வருடமே வாலிபால் என்று மாற்றிவிட்டார்கள்.

ஆக, தொந்தி விழுந்தவர்கள் சாவகாசமாக ஆடக் கண்டுபிடித்த ஆட்டம். இருபத்திரண்டு வயதில் ஒருவனிடம் ‘உன் ஆட்டம் முடிந்தது, போய்வா’ என்று சொல்வதற்கும் அதே ஆட்டம்தான் இன்றைக்குப் பயன்படுகிறது!

அந்த ‘போய்வா’வை ஒரு திருவிழாவாகவே ஆக்கியவர்கள் அமெரிக்கர்கள். 1972-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் எதிலும் ஆண், பெண் பேதம் கூடாது, விளையாட்டிலும் கூடாது என்றது. பல்கலைக்கழகங்கள் பெண்கள் வாலிபாலில் பணத்தைக் கொட்டின. உதவித்தொகை, கோச், அரங்கம் எல்லாம் வந்தது. கூடவே வெகுகாலமாக ஒரு விதியும் இருந்துவந்தது. ஒரு மாணவிக்கு நாலு சீசன்தான். எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரியாக இருந்தாலும் நாலாவது சீசன் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதனால் சொந்த அரங்கத்தில் கடைசி மேட்ச் நடக்கும் நாளை ‘சீனியர் நைட்’ என்று கொண்டாடுகிறார்கள். விடைபெறும் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்பா, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடுக்கோர்ட்டுக்கு வருவாள். பூச்செண்டு, சட்டமிட்ட ஜெர்சி, கண்ணீர். அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். முன்பின் பேசியிராத பெரியவர்களெல்லாம், சொந்தப் பேத்தி புக்ககம் போகிற மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் இத்தனை உருக்கம்? விஷயம் இருக்கிறது. நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம், சோளக்காடும் மாட்டுப்பண்ணையும். அந்தப் பல்கலைக்கழகப் பெண்கள் டீமின் ஆட்டங்களுக்கு 2001-லிருந்து சீசன்தோறும் டிக்கெட் மிஞ்சுவதே இல்லை. 2023 ஆகஸ்ட் 30-ம் தேதி ஒரு மேட்சை ஃபுட்பால் ஸ்டேடியத்தில் நடத்திப் பார்த்தார்கள். வந்தவர்கள் 92,003 பேர்! ஆனால் அதே அமெரிக்காவில், கல்லூரி முடித்த பெண் சம்பளத்துக்கு வாலிபால் ஆட உருப்படியான லீக் ஒன்றுகூட வெகுகாலம் நிலைக்கவில்லை. இத்தாலிக்கோ துருக்கிக்கோ போக வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டத்தை மறக்க வேண்டும். 2020-களில்தான் அங்கே தொழில்முறை லீக்குகள் வரிசையாக முளைத்தன. அதுவரை அந்த ரசிகர்களுக்குத் தெரியும், இந்தப் பெண்ணை இனி நெட்டுக்கு முன்னால் பார்க்கப் போவதில்லை என்று.

போகவே விடமாட்டோம் என்று ரசிகர்கள் அடம்பிடித்த கதையும் இருக்கிறது. ஜப்பானில்!

ஒசாகா பக்கம் கைஸூகா என்ற ஊரில் நிச்சிபோ கம்பெனியின் நூற்பாலை. அங்கே வேலை பார்த்த பெண்களை வைத்து டைமாட்சு ஹிரோபுமி ஒரு டீம் கட்டினார். இம்பால் போர்க்களத்தில் உயிர் தப்பியவர் இந்த மனிதர். பகலில் ஆலை வேலை, அது முடிந்ததும் பிராக்டிஸ், நள்ளிரவு தாண்டியும். விழுந்து, உருண்டு, பந்தை எடுத்தபடியே எழ வேண்டும். இன்று படித்தால் கொடுமை என்றுதான் சொல்வீர்கள். அன்றே சொன்னவர்கள் உண்டு. 1962-ல் மாஸ்கோவில் சோவியத் டீமையே வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார்கள். சரி, போதும், இனி கல்யாணம் காட்சி என்று இருக்கலாம் என ஒதுங்கப் பார்த்தார்கள். ஜப்பான் விடவில்லை. கடிதங்கள் குவிந்தன. ‘1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வருகிறது. வாலிபாலை முதல்முறையாகச் சேர்க்கிறார்கள். அதுவரை இருங்கள்!’

இருந்தார்கள். 1964 அக்டோபர் 23-ம் தேதி இறுதி ஆட்டம். சோவியத் டீமை 3-0 என்று ஜெயித்தார்கள். டோக்கியோ வட்டாரத்தில் டி.வி. வைத்திருந்த வீடுகளில் 66.8 சதவிகிதம் அந்த மேட்சைத்தான் பார்த்தன. கேப்டன் கசாய் மசாயேவுக்கு அப்போது 31 வயது. அந்தக் காலத்து ஜப்பானில் ‘கல்யாண வயது தாண்டிவிட்டது’ என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அவருக்கு ஒரு ராணுவ அதிகாரியை அறிமுகம் செய்து வைத்தவர் யார் தெரியுமா? பிரதமர் சாட்டோ! 1965-ல் கல்யாணம் நடந்தது. நாட்டுக்காக இரண்டு வருடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்ட ரசிகர்கள் சார்பில் பிரதமர் கடனைத் தீர்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அது கிடக்கட்டும். நம் ஊருக்கு வருவோம்.

இங்கேயும் வாலிபாலைக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு ஒய்.எம்.சி.ஏ.வுக்குத்தான். 1920-ல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். அங்கே படித்து வெளியே போன பி.டி. மாஸ்டர்கள் ஊர் ஊராக விளையாட்டுகளைக் கொண்டுபோனார்கள். வாலிபாலுக்குச் செலவு கம்மி. ஒரு பந்து, இரண்டு கம்பம், ஒரு வலை. கடலோரத்தில் மூன்றாவதற்கும் பஞ்சம் இல்லை.

1961-ல் அர்ஜுனா விருது தொடங்கிய முதல் வருடமே வாலிபாலுக்காக வாங்கியவர் நம் ஏ.பழனிச்சாமி. அடுத்த வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு வெள்ளி. 1982-ல் ஜி.இ.ஸ்ரீதரனுக்கு அர்ஜுனா. இந்தப் பெயர்களை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். அதே வருடங்களில் கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் தூக்கியவர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்வார்கள்.

ஆனால் ஒரே ஒரு பெயரை மட்டும் பக்கத்து மாநிலத்தில் யாரும் மறக்கவில்லை. ஜிம்மி ஜார்ஜ்.

கண்ணூர் மாவட்டம், பேராவூர். அப்பா ஜார்ஜ் ஜோசப் வக்கீல், பல்கலைக்கழக டீமுக்கு ஆடியவர். எட்டு மகன்களுக்கும் அவரே வாலிபால் சொல்லிக்கொடுத்தார். ஆறு பேர் போதுமான ஆட்டத்துக்கு, சப்ஸ்டிடியூட்டோடு சேர்த்து வீட்டிலேயே ஒரு டீம்! ஜிம்மி 1971-லேயே, பதினாறு வயதில் மாநில டீமுக்குள் வந்துவிட்டார். பாலா செயின்ட் தாமஸ் கல்லூரியில் சேர்ந்து கேரளப் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 1973 முதல் 1976 வரை நாலு வருடமும் அகில இந்தியப் பல்கலைக்கழகக் கோப்பை கேரளாவுக்குத்தான். 21 வயதில் அர்ஜுனா விருது.

கல்லூரி முடிந்தது. அப்புறம்? இந்திய வாலிபால்காரனுக்கு அப்புறம் என்றால் ஒரே பதில்தான், டிபார்ட்மென்ட் டீம். ரயில்வே, போலீஸ், பேங்க், ஏதாவது ஒன்றில் வேலை வாங்கிக்கொண்டு அதற்காக ஆடுவது. ஜிம்மியும் 1976-ல் கேரள போலீஸில் சேர்ந்தார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. 1979-ல் லீவு போட்டுவிட்டு அபுதாபி கிளப்புக்குப் போனார். 1982-ல் இத்தாலி. வெளிநாட்டில் தொழில்முறையாக வாலிபால் ஆடிய முதல் இந்தியர். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் குவிந்திருந்த லீக்கில், பேராவூர்க்காரரின் ஸ்மாஷைப் பார்க்க இத்தாலியர்கள் டிக்கெட் வாங்கினார்கள்! நடுவில் ஊருக்கும் வந்தார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் ஜப்பானைத் தோற்கடித்து இந்தியா வெண்கலம் வாங்கியது, அந்த டீமில் அவர் இருந்தார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு வாலிபாலில் நமக்குப் பதக்கமே கிடைக்கவில்லை. 2023-ல் ஹாங்ஸூவில் தென்கொரியாவையே வீழ்த்திவிட்டு ஆறாவது இடத்தோடு திரும்பினோம்.

1987 நவம்பர் 30. இத்தாலியில் ஒரு கார் விபத்து. ஜிம்மிக்கு வயது 32. அவர் மனைவி அப்போது கர்ப்பிணி. மகன் பிறந்ததை ஜிம்மி பார்க்கவில்லை.

உடல் பேராவூருக்கு வந்தது. திருவனந்தபுரத்தில் உள்விளையாட்டு அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நம் ஆள், வைத்தோம். ஆச்சரியமில்லை. ஆனால் அவர் கடைசியாக ஆடிய மான்டிகியாரி என்ற சின்ன ஊர், தொண்ணூறுகளில் ஒரு பெரிய விளையாட்டு அரங்கம் கட்டியது. அதற்கு ‘பாலாஜார்ஜ்’ என்று பெயர் வைத்தது. ‘பாலா’ என்றால் அந்த ஊர் வழக்கில் அரங்கம். ஜார்ஜ் என்றால் நம் ஜார்ஜ்! அவர் படித்த ஊரும் பாலா, அவர் பெயரில் எழுந்த அரங்கமும் பாலா. எழுத்தாளன் எவனாவது கதையில் இப்படி எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார்.

சரி, ஜிம்மி ஒருத்தர். மற்றவர்கள்?

தமிழ்நாட்டில் மட்டும் வருடாவருடம் எத்தனை பையன்கள், பெண்கள் கல்லூரி டீமிலிருந்து வெளியே வருகிறார்கள்! மின்னொளி கைப்பந்துப் போட்டி நடக்கும் கிராமங்களில் போய்ப் பாருங்கள். விடிய விடியக் கூட்டம், மைக்கில் வர்ணனை, ஐந்நூறு ரூபாய் அன்பளிப்பு கொடுத்தவர் பெயரை ஐந்து தடவை சொல்வார்கள். அங்கே ஆடுகிறவர்களில் பாதிப்பேர், கல்லூரி முடித்து, செலக்‌ஷன் செலக்‌ஷனாக அலைந்தவர்கள்தான். ஒரு டிபார்ட்மென்ட் டீமில் எடுப்பதே கொஞ்சம் பேர். அதுவும் ஆள் எடுக்கிற வருடத்தில்தான். அந்த வருடம் தோள்பட்டை சரியில்லை என்றால் கதை முடிந்தது. 2019-ல் புரோ வாலிபால் லீக் வந்தது. சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையை ஜெயித்தது. ஒரே சீசனோடு அந்த லீக் நின்றுபோனது. 2022-ல் பிரைம் வாலிபால் லீக் என்று மறுபடி தொடங்கினார்கள். இன்றைய பையன்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது, சந்தோஷம். எங்கள் செட்டுக்கு அது இல்லை.

என் நண்பன் மூன்று செலக்‌ஷன் போனான். மூன்றாவதில் கடைசிப் பட்டியல் வரைக்கும் வந்து பெயர் இல்லாமல் திரும்பினான். அப்புறம் படகு.

இத்தனை வருடம் கழித்து லைட்ஹவுஸ் குப்பத்தில்தான் பார்த்தேன். கடலுக்குப் போய்விட்டு வந்து, வலையைக் காயப்போட்டுவிட்டு, சாயங்காலம் நாலரைக்கு மணலில் நிற்கிறான். இரண்டு சவுக்குக் கம்பம். சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பையன்கள். “டேய், கண்ணு பந்து மேல இருக்கட்டும்டா” என்று கத்திக்கொண்டிருந்தான். அதில் ஒரு பையனுக்குச் சென்னையில் கல்லூரி சீட் கிடைத்திருக்கிறதாம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில். அடுத்த வாரம் கிளம்புகிறான்.

“என்ன கோர்ஸ்?” என்றேன்.

“வேற என்ன? பி.காம்.தான்!”

இரண்டு பேரும் சிரித்து முடித்தபிறகு, தயங்கித் தயங்கி அந்த ஷூவைப் பற்றிக் கேட்டேன். மூன்று செலக்‌ஷனுக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனானாம். அப்புறம் எடுத்து வைத்துவிட்டான். 2004 சுனாமியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது மற்ற சாமான்களோடு அதுவும் போய்விட்டது.

“ஒத்தைக் கால் மட்டும் அப்புறம் கெடைச்சுதுடா” என்றான். “ஒத்த ஷூவ வச்சிக்கினு என்னா பண்றது?”

ஒரு பையன் பந்தைத் தூக்கிப் போட்டான். சர்வீஸ் போட எழுந்து போய்விட்டான்.